கொள்ளு, லாடம், குதிரை முட்டை... குட்டீஸ் பிறந்தநாளுக்கு ஒரு குதிரை விருந்து!

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம் குதிரை, கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம்’ என்று ஒரு பழமொழி உண்டு. பிறந்தநாள் பார்ட்டிக்கு வரும் குட்டீஸும் ஏறக்குறைய அப்படித்தான். கேக் என்றால் ஓடி வருவார்கள். தட்டில் காய்கறி கண்ணில் பட்டால் உதட்டை இறுக மூடிக்கொள்வார்கள்.

அதனால்தான் ‘தீம் பார்ட்டி’ அம்மாக்களுக்குக் கைகொடுக்கிறது. பிடித்த விஷயம் தட்டில் வந்தால், பிடிக்காத காயும் கூடவே உள்ளே போய்விடும் என்ற நம்பிக்கை. டைனோசர், கார், விண்வெளி வரிசையில் குதிரைக்கும் எப்போதும் மவுசு உண்டு. மெரினாவில் ஒரு ரவுண்டு குதிரை சவாரி செய்துவிட்டு வந்த குழந்தை, அடுத்த பிறந்தநாளுக்கு ‘எனக்குக் குதிரைதான் வேணும்’ என்று அடம்பிடிப்பது பல வீடுகளில் நடப்பதுதான்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. போனில் தேடினால் வருவதெல்லாம் சர்க்கரைக் களிமண் போன்ற ஃபாண்டன்ட்டில் செதுக்கிய குதிரைகள், பிங்க் நிறப் பிடரி, வெள்ளி மணிகள் பதித்த சேணம். பார்க்க அழகுதான். ஆனால், அதைச் செய்ய ஒரு நாள் போதாது. வாங்கினால் பர்ஸ் தாங்காது. அப்படியே வந்து சேர்ந்தாலும் குழந்தைகள் ஒரு வாய் கடித்துவிட்டு, ‘ரொம்ப இனிக்குது’ என்று வைத்துவிடுகிறார்கள். வீட்டில் செய்யத் துணிந்த அம்மாவோ கேக் வெட்டும் நேரத்திலும் அடுப்படியில் நிற்கிறார். ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி போட்டோக்களில் அவர் இருக்க மாட்டார்.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. எல்லாப் பண்டத்தையும் குதிரை உருவத்தில் செய்ய வேண்டாம். மூன்றை உருவத்தில் குதிரையாக்குங்கள். மூன்றைப் பெயரிலும் கதையிலும் குதிரையாக்குங்கள். நம் சமையலறையில் அதற்கான பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. குதிரைவாலி என்று ஓர் அரிசி, குதிரைக்கே பேர்போன கொள்ளு, ‘குதிரை முட்டை’ கதையில் வரும் பூசணி... வேறென்ன வேண்டும்?

இன்னொரு வசதியும் உண்டு. குதிரையின் நிறங்கள் வெள்ளை, பழுப்பு, கறுப்பு, செம்மண் சாயல். அரிசி, கேழ்வரகு, கோகோ, வெல்லம் எல்லாம் இந்த நிறங்கள்தான். நிறப்பொடி டப்பாவைத் திறக்க வேண்டிய தேவையே வராது.

12 குழந்தைகள் வரும் ஒரு மாலைநேர பார்ட்டிக்கான மெனு இது.

1. குதிரைவாலியில் குதிரை முகம்

குதிரைவாலியின் கதிர் குதிரையின் வாலைப் போலத் தொங்குவதால்தான் அதற்கு இந்தப் பெயர் என்பார்கள். அந்த வால் அரிசியில் முகம் செய்கிறோம் என்று சொன்னாலே குட்டீஸ் சிரித்துவிடுவார்கள்.

மாவுக்குத் தேவையானவை: குதிரைவாலி அரிசி - 2 கப், முழு உளுந்து - அரை கப், வெந்தயம் - அரை டீஸ்பூன், உப்பு - தேவையான அளவு.

பிடரிக்குத் தேவையானவை: கேழ்வரகு மாவு - ஒன்றரை கப், இடியாப்ப அரிசி மாவு - அரை கப், நல்லெண்ணெய் - 1 டீஸ்பூன், உப்பு, கொதிக்கும் தண்ணீர் - தேவையான அளவு.

அலங்கரிக்க: உலர் திராட்சை - ஒரு கைப்பிடி, கேரட் - 2.

செய்முறை: குதிரைவாலியைத் தனியாகவும், உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்துத் தனியாகவும் 4 மணி நேரம் ஊறவையுங்கள். உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்து, குதிரைவாலியையும் அரைத்துச் சேர்த்து, உப்பு போட்டுக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள்.

கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, அரிசி மாவு, உப்பு, எண்ணெய் சேருங்கள். கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். இடியாப்பமாகப் பிழிந்து 8 முதல் 10 நிமிடங்கள் ஆவியில் வேகவையுங்கள். பழுப்பு நிறப் பிடரி தயார்.

புளித்த மாவில் 6 இட்லி ஊற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் நேர்பாதியாக வெட்டுங்கள். இவை 12 குதிரைகளுக்கான மூக்கு. மீதி மாவை தோசைக்கல்லில் உள்ளங்கை நீளத்துக்கு முட்டை வடிவில், சற்றுத் தடிமனாக ஊற்றுங்கள். மூடி வைத்து வேகவிட்டால் மெத்தென்று இருக்கும். கூடுதலாக வட்டமாக 3 தோசைகள் ஊற்றி, ஒவ்வொன்றையும் 8 முக்கோணங்களாக வெட்டினால் 24 காதுகள் கிடைத்துவிடும். கேரட்டை நீளமான மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஆவியில் 3 நிமிடங்கள் வைத்து எடுங்கள். அதுதான் கடிவாளம்.

தட்டில் நீளவாக்கில் தோசை, அதன் கீழ்ப்பகுதியில் அரை இட்லி, மேலே இரண்டு காதுகள், காதுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பக்கமாக வழியும் இடியாப்பப் பிடரி, திராட்சைத் துண்டுகளில் கண்களும் மூக்குத் துளைகளும், குறுக்கே கேரட் கடிவாளம். காரமில்லாத தேங்காய்ச் சட்னியைக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 12 முகங்களையும் நீங்களே அடுக்கினால் முதல் தட்டு ஆறிப்போகும். தோசையையும் இட்லியையும் மட்டும் தட்டில் வைத்துக் கொடுங்கள். காது, பிடரி, கண், கடிவாளம் எல்லாவற்றையும் கிண்ணங்களில் மேஜை நடுவே வைத்துவிடுங்கள். அவரவர் குதிரையை அவரவரே செய்துகொள்ளட்டும். ஒன்றுக்கு ஒரு கண் மேலே போகும், இன்னொன்றுக்குக் காது கழுத்தில் முளைக்கும். தான் செய்த குதிரையைச் சாப்பிடாமல் வைக்கும் குழந்தை குறைவு. கேரட்டும் கேழ்வரகும் சத்தமில்லாமல் வயிற்றுக்குள் போயிருக்கும்.

2. லாடம் முறுக்கு

மாடு, குதிரைகளின் குளம்பு தேயாமல் இருக்க அடிக்கும் இரும்புதான் லாடம். இன்றைய நகரத்துக் குழந்தைகளில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். தேன்குழல் அச்சில் அதை எளிதாகச் செய்துவிடலாம்.

தேவையானவை: பச்சரிசி மாவு - 2 கப், வறுத்து அரைத்த உளுந்து மாவு - கால் கப், வெண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன், சீரகம் - 1 டீஸ்பூன், உப்பு - தேவையான அளவு, பொரிக்க எண்ணெய்.

செய்முறை: மாவு இரண்டையும் சலித்து, வெண்ணெயையும் உப்பையும் சேர்த்துப் பிசறுங்கள். சீரகம் போட்டு, தண்ணீர் தெளித்து மிருதுவாகப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய சின்னச் சின்ன பட்டர் பேப்பர் துண்டுகள் மீது, குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு லாடம்போல வளைத்துப் பிழியுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுற்று பிழிந்தால் உடையாது. மிதமான சூட்டிலுள்ள எண்ணெயில் மெல்ல நழுவவிட்டு, சலசலப்பு அடங்கும்வரை பொரித்து எடுங்கள்.

வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் கரைந்துபோகும். குறைந்தால் குழந்தைகளின் பல்லுக்குக் கடினமாகிவிடும். அதனால், முதலில் ஒன்றைப் பொரித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பிழியுங்கள். மூன்று நாள்களுக்கு முன்பே செய்து காற்றுப்புகாத டப்பாவில் வைக்கலாம். மீதமானால் ரிட்டர்ன் கிஃப்ட் பையிலும் இரண்டு லாடங்களைப் போட்டு அனுப்பலாம்.

3. கேக் மீது ஒரு குதிரை

கேக்குக்கு ஃபாண்டன்ட்டும் வேண்டாம், க்ரீமும் வேண்டாம். ஒரு காகிதமும் சல்லடையும் போதும்.

குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த குதிரை உருவம், செஸ் போர்டில் இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டை கட்டிக்கொண்டு கைகூப்பி நின்ற ‘தம்பி’யை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குதிரை முகம் வளைவுகள் குறைந்தது. வரைவதற்கும் வெட்டுவதற்கும் சுலபம்.

செய்முறை: க்ரீம் தடவாத சதுர சாக்லேட் கேக் ஒன்றை வீட்டில் செய்துகொள்ளுங்கள், அல்லது பேக்கரியில் வாங்கிக்கொள்ளுங்கள். கேக் அளவுக்குத் தடிமனான காகிதம் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் செஸ் குதிரையை வரைந்து, உருவத்தை மட்டும் வெட்டி நீக்குங்கள். ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தைக் கேக் மீது வைத்து, பொடித்த சர்க்கரையை டீ வடிகட்டியில் போட்டு மேலிருந்து தட்டுங்கள். காகிதத்தை நேராகத் தூக்கினால், பழுப்பு கேக்கில் வெள்ளைக் குதிரை நிற்கும்.

சர்க்கரைப் பொடி ஈரத்தில் கரைந்துவிடும் என்பதால், இதைக் கேக் வெட்டுவதற்கு 5 நிமிடங்கள் முன்பு, குழந்தைகளின் கண்ணெதிரே செய்யுங்கள். காகிதத்தைத் தூக்கும் வேலையைப் பிறந்தநாள் குழந்தைக்கே கொடுங்கள். அந்த நொடியில் எழும் ‘ஹே’ சத்தத்துக்கு ஈடு இல்லை. நீங்களும் பக்கத்தில் நிற்பீர்கள், போட்டோவிலும் இருப்பீர்கள்.

இனி, உருவத்தில் இல்லாமல் பெயரில் குதிரையான மூன்று.

4. வைக்கோல் கட்டு கட்லெட்

வெளியே வைக்கோல், உள்ளே கொள்ளு. குதிரை லாயத்தின் முழுச் சாப்பாடும் ஒரே கடியில்.

கொள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. இதைத் தனியாகச் சுண்டலாகக் கொடுத்தால் தொடாத குழந்தைகள், உருளைக்கிழங்கோடு சேர்ந்தால் கண்டுகொள்வதில்லை.

தேவையானவை: கொள்ளு - முக்கால் கப், உருளைக்கிழங்கு - 3, துருவிய கேரட் - கால் கப், இஞ்சி விழுது - அரை டீஸ்பூன், கரம் மசாலாத்தூள் - அரை டீஸ்பூன், பிரெட் தூள் அல்லது பொடித்த அவல் - கால் கப், மைதா - 3 டேபிள்ஸ்பூன், பொடியாக நொறுக்கிய சேமியா - 1 கப், உப்பு, எண்ணெய் - தேவையான அளவு.

செய்முறை: கொள்ளைக் கல் நீக்கிக் கழுவி, 10 மணி நேரம் ஊறவைத்து, நிறைய தண்ணீர் விட்டுக் குக்கரில் 6 அல்லது 7 விசில் விடுங்கள். வெந்த தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரவில் வேலை இருக்கிறது. கொள்ளை மிக்ஸியில் கொரகொரப்பாக ஒரு சுற்று சுற்றுங்கள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, கேரட், இஞ்சி விழுது, மசாலா, உப்பு, பிரெட் தூள் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருளைகளாக உருட்டுங்கள்.

மைதாவை நீர்க்கக் கரைத்து, உருளைகளை அதில் முக்கி, சேமியாவில் புரட்டுங்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பொரிக்கும்போது பிரியாது. மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். அவித்த கேரட் பட்டையை நடுவில் ஒரு சுற்று சுற்றினால், கயிறு கட்டிய வைக்கோல் கட்டு ரெடி.

கொள்ளு சூடு என்று கோடையில் தவிர்க்கும் வீடுகளில் வெள்ளைக் கொண்டைக்கடலையைப் பயன்படுத்தலாம். 3 வயதுக்குக் குறைவான வாண்டுகளுக்கு சேமியா இல்லாமல், வடைபோலத் தட்டி தோசைக்கல்லில் சுட்டுக் கொடுங்கள்.

5. குதிரை முட்டை

குதிரை முட்டை போடுமா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இந்த இனிப்பைப் பரிமாற வேண்டும்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, 18-ம் நூற்றாண்டில் தமிழில் எழுதிக் குவித்த வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யில் வரும் கதை இது. குருவுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மக்குச் சீடர்கள், கொல்லையில் கிடந்த பெரிய பூசணிக்காயைப் பார்த்து, அது குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கிவிடுவார்கள். தலையில் சுமந்து வரும் வழியில் பூசணிக்காய் கீழே விழுந்து உடையும். சத்தம் கேட்டுப் புதருக்குள்ளிருந்து ஒரு முயல் தெறித்து ஓடும். ‘ஐயோ, முட்டைக்குள்ளிருந்து குதிரைக்குட்டி ஓடுதே’ என்று சீடர்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

இந்தக் கதையைச் சொல்ல வீட்டில் சரியான ஆள் தாத்தாவோ பாட்டியோதான். கதை முடியும் நேரத்தில் தட்டு வரட்டும்.

தேவையானவை: துருவிய மஞ்சள் பூசணி - 2 கப், ரவை - அரை கப், பொடித்த வெல்லம் - முக்கால் கப், நெய் - 4 டேபிள்ஸ்பூன், ஏலக்காய்த்தூள் - கால் டீஸ்பூன், உலர் திராட்சை - 15, தண்ணீர் - 1 கப்.

செய்முறை: வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு ஸ்பூன் நெய்யில் ரவையைச் சிவக்காமல் வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே வாணலியில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டுப் பூசணித் துருவலைப் பச்சை வாசனை போக வதக்கி, முக்கால் கப் தண்ணீர் ஊற்றிக் குழைய வேகவிட்டு மசியுங்கள். கொதிக்கும்போது ரவையைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறி வேகவையுங்கள். வெல்லக் கரைசல், மீதி நெய், ஏலக்காய்த்தூள் சேர்த்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறி இறக்குங்கள்.

கை பொறுக்கும் சூட்டில், நெய் தடவிய கையால் சின்ன முட்டைகளாக உருட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திராட்சையை ஒளித்து வையுங்கள். அதுதான் ‘குட்டி’. கடிக்கும்போது யாருடைய குட்டி ஓடுகிறது என்று பார்க்கலாம். பூசணியின் நிறமே போதும். கேசரிப் பவுடர் வேண்டாம்.

6. லாயத் தொட்டித் தண்ணீர்

ஓடி விளையாடிய குட்டீஸுக்கு முதலில் தேவைப்படுவது தண்ணீர்தான். ஒரு அகலமான பாத்திரத்தில் நன்னாரி சிரப், எலுமிச்சைச்சாறு, குளிர்ந்த தண்ணீர் கலந்து, ‘குதிரைத் தொட்டி’ என்று சீட்டு எழுதி ஒட்டி, கரண்டியால் டம்ளர்களில் ஊற்றிக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் தோல் சீவி மெல்லிசாக நறுக்கிய ஆப்பிள். குதிரைக்கும் ஆப்பிள் பிடிக்கும் என்று சொன்னால் தட்டு சீக்கிரம் காலியாகும்.

பிங்க் பிடரி கேட்டு அடம்பிடித்தால்?

குதிரை என்று சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் ‘கொம்பு வெச்ச கலர் கலர் குதிரை’ என்று மாற்றிக் கேட்கும் குழந்தைகளும் உண்டு. யூனிகார்னுக்காக நிறப்பொடி வாங்க ஓட வேண்டாம். இடியாப்ப மாவைப் பிசையும்போது பீட்ரூட் சாறு சேர்த்தால் பிங்க், கேரட் சாறு சேர்த்தால் ஆரஞ்சு, அரைத்த கீரை சேர்த்தால் பச்சை. கொம்புக்கு, அவித்த கேரட்டின் நுனி.

பிங்க் பஞ்சுமிட்டாயைப் பிடரியாக வைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமின்-பி கலந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்ததால், 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தமிழக அரசே தடை விதித்தது நினைவிருக்கலாம். சட்டம் அனுமதித்த செயற்கை நிறங்களுக்கும் அளவு வரம்பு உண்டு. வீட்டில் யாரும் சிட்டிகையை எடை போட்டுப் பார்த்துச் சேர்ப்பதில்லை.

அழகைவிட முக்கியம்... பாதுகாப்பு!

* காது நிற்கவில்லை, கொம்பு சாய்கிறது என்று டூத்பிக் குத்தாதீர்கள். ஒட்ட வேண்டிய இடத்தில் கெட்டிச் சட்னியோ, வெண்ணெயோ ஒரு துளி வைத்தால் போதும்.

* 4 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு முழு திராட்சைப் பழம், முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், வட்டமாக வெட்டிய பச்சை கேரட், கெட்டியான மிட்டாய் எதுவும் வேண்டாம். இவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. திராட்சைப் பழத்தை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். கேரட்டை வேகவைத்துக் கொடுங்கள். குட்டி வாண்டுகளுக்கான குதிரை முட்டையில் திராட்சையைப் பொடியாக நறுக்கி வையுங்கள்.

* ‘குதிரை’ விளையாட்டு வேறு, சாப்பாடு வேறு. வாயில் கவளத்தோடு ஓடுவதும் குதிப்பதும் கூடாது. உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் அருகிலிருந்து கொடுங்கள்.

* வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பும்போதே, ‘உங்கள் குழந்தைக்குச் சேராத உணவு ஏதாவது இருக்கிறதா?’ என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை ஆகியவை சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரலாம். ஒத்துக்கொள்ளாத பொருளைத் தவிர்த்து அந்தக் குழந்தைக்கும் அதேபோல ஒரு குதிரையைத் தட்டில் வைத்துக் கொடுத்தால், தனியாக விடப்பட்ட ஏக்கம் வராது.

* ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரக் கூடாது. கேக் மேல் தேன் ஊற்றும் பழக்கம் இருந்தால் கவனம்.

* சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தேங்காய்ச் சட்னியைக் கடைசியாக அரையுங்கள்.

* அலங்காரத்துக்கு மேஜை நடுவில் ஒரு மண் குதிரை பொம்மையை வையுங்கள். கேக் மீது பிளாஸ்டிக் மணி, சின்ன பொம்மைத் துண்டுகள், கம்பி வைத்த பூக்கள் எதையும் குத்த வேண்டாம். சாப்பிட முடியாத எதுவும் சாப்பாட்டின் மேல் இருக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எதைச் செய்வது?

பார்ட்டி ஞாயிறு மாலை 5 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வியாழன்: லாடம் முறுக்கு பொரித்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். செஸ் குதிரையை வரைந்து வெட்டும் வேலை அப்பாவுடையது.

சனி மதியம்: குதிரைவாலியும் உளுந்தும் ஊறட்டும். இரவு அரைத்துப் புளிக்க வையுங்கள். தூங்கப் போகுமுன் கொள்ளை ஊறப்போடுங்கள்.

ஞாயிறு காலை: புளித்த மாவை ஃபிரிட்ஜில் வையுங்கள். கொள்ளை வேகவைத்து, கட்லெட் உருட்டி அதையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பூசணித் துருவுவதற்கும் கேரட் சீவுவதற்கும் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களை உட்கார வையுங்கள்.

பிற்பகல் 3 மணி: இடியாப்பம், இட்லி, குதிரை முட்டை. முட்டைக்குள் திராட்சையை ஒளிக்கும் வேலை பிறந்தநாள் குழந்தைக்கு. ரகசியம் காக்கும் பொறுப்பும்தான்!

4:15 மணி: தோசை ஊற்றி ஹாட்பாக்ஸில் வையுங்கள். 4:45-க்குக் கட்லெட் பொரித்து அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றப் போங்கள். அதன் பிறகு உங்களுக்கு அடுப்படியில் வேலை இல்லை. 5 மணிக்கு தொட்டித் தண்ணீரும் லாடமும், 5:30-க்கு முகம் செய்யும் மேஜையும் வைக்கோல் கட்டும், பிறகு கதையும் குதிரை முட்டையும், கடைசியாகக் கேக். வயிறு நிறைந்த பிறகு கேக் வந்தால், ஒரு துண்டோடு நின்றுவிடுவார்கள்.

தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, காலையில் ஃபிரிட்ஜில் எடுத்து வைத்த கொள்ளுத் தண்ணீரை வெளியே எடுங்கள். புளிக்கரைசல், தக்காளி, உப்பு சேர்த்துக் கொதிக்கவைத்து, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு போட்டு, கொள்ளுத் தண்ணீரை ஊற்றி நுரை கூடியதும் இறக்கி, நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் சுடச்சுடக் கொள்ளு ரசம். நாள் முழுக்கக் குதிரையாக ஓடிய பெரியவர்களுக்கு, அன்று இரவு அதுவும் சூடான சாதமும் போதும்.